சாய்த்தால் இரண்டு, நிமிர்த்த ஒன்று

ஜனவரி 11

அண்ணாவுக்கு,

உன் வேர்க்கிழவன் அட்டையில் ஒரு மூலை மட்டும் தேய்ந்து வெளுத்திருக்கிறது. பெட்டியில் உள்ள மற்ற எந்த அட்டையும் அப்படி இல்லை. முதலில் கண்ணில் பட்டது அதுதான். நலம் விசாரிக்காமல் ஆரம்பித்துவிட்டேன், மன்னித்துக்கொள். நானும் அம்மாவும் நலம். அம்மாவுக்கு முதுகுவலி வந்து வந்து போகிறது. உனக்குக் குளிருக்கு இரண்டாவது போர்வை கொடுத்தார்களா?

நீ போனதிலிருந்து உன் அலமாரியை யாரும் திறக்கவில்லை. உள்ளே ஏதோ கரண்டும் சத்தம் கேட்டதால்தான் திறந்தேன். எலியைக் காணோம், நீ ஆடும் விளையாட்டு அட்டைகளின் பெட்டிதான் இருந்தது.

அந்த மூலை ஏன் தேய்ந்தது என்று இரண்டு நாள் யோசித்தேன். ஆட்டத்தில் அட்டையைப் பக்கவாட்டில் திருப்பிச் சாய்க்கும்போது அந்த மூலைதான் மேஜையில் உரசும். அப்படியென்றால் இந்தக் கிழவனை மட்டும் நீ நூற்றுக்கணக்கான முறை சாய்த்திருக்கிறாய். பச்சை அட்டை. "சாய்த்தால் சக்தி இரண்டு" என்று போட்டிருக்கிறது. பக்கத்தில் விளக்குக்காரி இருந்தாள். வெள்ளை அட்டை. "சக்தி ஒன்று கொடுத்தால், சாய்ந்த ஓர் அட்டையை நிமிர்த்தலாம்."

எனக்குத் தலை சுற்றிவிட்டது. கிழவனைச் சாய்த்தால் இரண்டு கிடைக்கிறது. அவளுக்கு ஒன்று கொடுத்தால் கிழவன் நிமிர்ந்துவிடுகிறான். மிச்சம் ஒன்று. மறுபடி சாய்த்தால் மறுபடியும் மிச்சம். இது எங்கே போய் நிற்கும்? நான்தான் தப்பாகப் படிக்கிறேனா? அம்மாவிடம் காட்டினேன். "அவன் இருந்தப்பவும் இந்தக் கூத்து, இல்லாதப்பவும் இந்தக் கூத்தா?" என்று சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போடு.

தங்கை,
மிளகு


பிப்ரவரி 3

என் மிளகுக்கு,

இங்கே எல்லோரும் நலம். எல்லோரும் என்றால் நான், அறையில் இன்னும் இரண்டு பேர், ஒரு பூனை. என்னை ரொட்டி சுடும் பகுதியில் போட்டிருக்கிறார்கள், அதனால் குளிர் தெரியவில்லை. அம்மாவைக் கனமான வாளி தூக்க விடாதே.

உன் கடிதத்தைப் படித்துச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். காவலர் வந்து, "என்னடா, விடுதலையா?" என்றார். "இல்ல சார், என் திருட்டுத்தனத்தைத் தங்கச்சி கண்டுபிடிச்சிட்டா" என்றேன். ஜெயிலில் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது. அரைமணி நேரம் விளக்கம் சொன்னேன்.

நீ சரியாகத்தான் படித்திருக்கிறாய். அது நிற்காது. முடிவில்லாத சுற்று. எனக்கு அது மூன்று வாரம் கழித்துத்தான் பிடிபட்டது, உனக்கு இரண்டே நாள். மிச்சத்தை என்ன செய்வது என்றுதானே அடுத்துக் கேட்பாய்? பெட்டியில் மலைவெள்ளாடு இருக்கும். ஒரு சக்தி போட்டால் ஆடு ஒரு அளவு பெருக்கும். ஆயிரம் போட்டால் ஆயிரம். எதிராளி கதை முடிந்தது. ஆனால் ஒரு விதி. "முடிவே இல்லாமல்" என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஒரு தடவை செய்துகாட்டிவிட்டு, இத்தனை தடவை என்று ஓர் எண்ணை எதிரில் இருப்பவர் காதில் விழும்படி சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அட்டைக்கடைக்குப் போய் ஆடிப் பார்.

இன்னொரு செய்தி. ஜூனில் என் முன்விடுதலை மனு விசாரணைக்கு வருகிறது. தூக்கக் கலக்கத்தில் வேன் ஓட்டினேன், ஒரு மனிதர் போய்விட்டார். நான் இங்கே இருப்பது நியாயம்தான். ஆனாலும் காரணம் கேட்டார்கள். தங்கை பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள், அவள் படிப்பைப் பார்த்துக்கொள்ள நான் வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். அது ஒன்றுதான் வலுவான காரணம் என்றார்கள். கணக்கு டீச்சர் இன்னும் சாக்பீஸ் எறிகிறாரா?

கடிதத்தை ஒட்டாமல் அனுப்பு. கடிதப் பிரிவில் படித்துவிட்டுத்தான் தருவார்கள்.

அண்ணன்


பிப்ரவரி 22

அண்ணாவுக்கு,

நாங்கள் நலம். நீ ரொட்டி சுடுகிறாய் என்று சொன்னதும் அம்மா, "இங்க ஒரு டீ போடத் தெரியாது அவனுக்கு" என்று சிரித்தாள். சிரித்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

நீ சொன்னபடி இன்று அட்டைக்கடைக்குப் போனேன். கண்ணாடிக்கு வெளியே வெகுநேரம் நின்றேன். ஆறு மேஜைகள், எல்லாவற்றிலும் ஆட்கள். எதிரே யாராவது வந்து உட்கார்ந்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், உனக்குத் தெரியும். கடைசியில் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

போன வேகத்திலேயே வெளியே வந்துவிட்டேன். கடைக்காரர், "என்ன வேணும்மா?" என்றுதான் கேட்டார். நான் "ஆடு" என்றேன். வேறு எதுவும் வரவில்லை. வீட்டுக்கு வந்து தாளில் குறித்து வைத்தேன். சரியா என்று பார். கிழவன் சாய்ந்தால் இரண்டு. விளக்குக்காரிக்கு ஒன்று. மிச்சம் ஆட்டுக்கு. எத்தனை தடவை வேண்டுமானாலும். ஆடு பெருத்ததும் வாசல் வழியாக அனுப்பலாம், காவல் நிற்பவர்கள் தடுக்க முடியாது. அண்ணா, நான் பள்ளிக்கூடம் போவதில்லை. போன ஜூலையிலேயே நிறுத்திவிட்டேன். விடுதிப் படுக்கை விரிப்புகளை வெளுக்கும் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறேன். ஈர விரிப்பின் ஒரு முனையை நானும் மறுமுனையை இன்னொருத்தியும் பிடித்துச் சூடான உருளைக்குள் விடுவோம். அம்மாவுக்குத் தெரியும்.

முதல் நாள் அழுதுவிட்டேன். ஓர் அக்கா தண்ணீர் கொடுத்தார். நீ கோபப்படாதே. எனக்குச் சரிப்பட்டு வரவில்லை, அவ்வளவுதான். திரும்பப் போ என்று மட்டும் சொல்லாதே.

மிளகு


மார்ச் 17

என் மிளகுக்கு,

நலம். பூனை குட்டி போட்டிருக்கிறது, மூன்று. அம்மா முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

கோபமா? எனக்கு எதற்குக் கோபம்? படித்ததும் பாவமாகத்தான் இருந்தது. நானும் முதல் நாள் உள்ளே போனபோது காது சிவந்து உட்கார்ந்திருந்தேன். சரிப்பட்டு வரவில்லை என்றால் விட்டுவிடு. திரும்பப் போ என்று ஒருநாளும் சொல்ல மாட்டேன். அதில் என்ன கொட்டியா கிடக்கிறது? தண்ணீர் கொடுத்த அக்காவுக்கு என் நன்றியைச் சொல்.

ஆனால் சுற்றைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே? ஆவலாகக் காத்திருந்தேன்.

மனுவோடு நீ படிக்கிறாய் என்பதற்குப் பள்ளிக்கூடச் சான்றிதழ் வேண்டுமாம். தலைமை ஆசிரியரிடம் வாங்கி மே மாதத்துக்குள் அனுப்பிவிடு. பரீட்சையை நன்றாக எழுது.

அண்ணன்


மார்ச் 29

அண்ணாவுக்கு,

நாங்கள் நலம். நீயும் பூனைகளும் நலம்தானே?

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். முதல் பாதியைப் படித்தபோது அன்று இரண்டு வேளையும் வழக்கத்தைவிடச் சோறு கூடச் சாப்பிட்டேன். இவ்வளவு லேசாக எடுத்துக்கொள்வாய் என்று நான் நினைக்கவே இல்லை. அடுத்த பாதியைப் படித்ததும் ஒன்றும் ஓடவில்லை. திரும்பப் போக வேண்டாம் என்று நீயே சொல்கிறாய். பிறகு சான்றிதழ் வாங்கச் சொல்கிறாய். எந்தப் பரீட்சை அண்ணா? நான் எழுதியது உனக்குப் பிடிக்காமல், படிக்காத மாதிரி இருந்துவிடலாம் என்று இருக்கிறாயா? சுற்றைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதியிருந்தேனே. சலவைக்கூடத்தில் இதையே நினைத்துக்கொண்டு விரிப்பைக் கோணலாக விட்டுவிட்டேன். மறுமுனைக்காரி, "உன் கனவைக் கொஞ்சம் சுருட்டி வச்சிட்டு வாம்மா" என்றாள்.

நீ வேறு ஒன்றும் எழுத வேண்டாம். படித்தேன் என்று மட்டும் எழுது.

மிளகு


ஏப்ரல் 14

மிளகுக்கு,

உன் கடிதத்தில் சில வரிகளின்மேல் கறுப்பு மை பூசிக் கொடுத்தார்கள். விரிப்பு என்ற ஒரு சொல் மட்டும் மைக்கு அடியில் தெரிந்தது. ஏன் என்று யாரும் சொல்லவில்லை.

படித்தேன். பிப்ரவரிக் கடிதத்தை மூன்று தடவை படித்தேன்; சுற்றைப் பற்றிய பக்கத்தை நீ உறையில் வைக்க மறந்திருக்கிறாய். அதில் கதவைத் தள்ளிக்கொண்டு போனாய், அழுதாய், ஓர் அக்கா தண்ணீர் கொடுத்தார். அவ்வளவுதான் இருக்கிறது. அதற்கு ஏன் சோறு கூடச் சாப்பிட்டாய்? போன வாரம் பார்க்க வந்த அம்மாவிடம், "மிளகுக்கு என்னம்மா?" என்று கேட்டேன். "அவளுக்கென்ன, கல்லுக்குண்டு மாதிரி இருக்கா" என்று சொல்லிவிட்டுக் கூரையைப் பார்த்தாள். நீங்கள் இரண்டு பேரும் எனக்குத் தெரியாமல் எதையோ மூடுகிறீர்கள். அம்மா உடம்பா? மறைக்காமல் எழுது.

சான்றிதழ் மறக்காதே. அது இல்லாமல் மனு நிற்காது.

அண்ணன்


ஏப்ரல் 18
கடிதப் பிரிவு

அம்மணி,

அலுவலகக் கடிதம் என்பதால் இதில் நலம் விசாரிக்க இடமில்லை.

பிப்ரவரி 22 தேதியிட்ட தங்கள் கடிதத்தின் மூன்று தாள்களில் இரண்டாவது தாள், இரகசியக் குறிப்பு என்ற சந்தேகத்தில் முழுமையாக நிறுத்திவைக்கப்பட்டது. முதல் தாளும் மூன்றாம் தாளும் தங்கள் அண்ணனிடம் தரப்பட்டன. மார்ச் 29 கடிதத்தில் சலவை விரிப்பு குறித்த வரிகளும் அதே சந்தேகத்தில் மறைக்கப்பட்டன.

கிழவன் சாய்ந்தால் இரண்டு என்று எழுதியுள்ளீர்கள். இங்கே மூத்த காவலர் ஒருவர் இருக்கிறார். மதியச் சாப்பாட்டுக்குப் பின் அவர் நாற்காலியில் சாய்வது அனைவரும் அறிந்ததே. அவர் சாய்ந்தால் எவை இரண்டு உள்ளே வரும்? விளக்குக்காரி என்பவர் யார், அவருக்குத் தரப்படும் ஒன்று எது? மேலும், காவல் நிற்பவர்கள் தடுக்க முடியாத அளவுக்குப் பெருத்த ஓர் ஆடு வாசல் வழியாக அனுப்பப்படும் என்கிறீர்கள். ஆடு எதற்கு?

முப்பது நாளில் தகுந்த விளக்கம் வராவிட்டால் இத்தாள் விசாரணைக் குழுவின் முன் வைக்கப்படும். அவ்வாறு வைக்கப்பட்டால் முன்விடுதலை கிடைப்பது அரிது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

அலுவலர்


ஏப்ரல் 25

ஐயா அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் நலமா என்று கேட்கலாமா என்று தெரியவில்லை. கேட்டுவிட்டேன்.

கிழவன் ஓர் அட்டை. விளக்குக்காரி ஓர் அட்டை. ஆடும் அட்டைதான், உள்ளங்கை அளவு இருக்கும். அது எவ்வளவு பெருத்தாலும் அட்டை பெரிதாகாது. வாசல் என்று எழுதியது எதிராளியின் பக்கத்தை, காவல் என்றது அவர் தடுக்க நிறுத்திவைக்கும் அட்டைகளை. இது விளையாட்டு ஐயா. மூத்த காவலரிடம் என் மன்னிப்பைச் சொல்லுங்கள்.

தங்கள் கடிதத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. அண்ணா முதல் தாளையும் மூன்றாம் தாளையும் சேர்த்துப் படித்திருக்கிறான். நான் அட்டைக்கடையில் அழுதேன், இனிக் கடைக்குப் போக மாட்டேன் என்று நினைத்துத்தான் கோபமில்லை என்று எழுதியிருக்கிறான். நான் படிப்பை விட்டதைப் படித்தது உலகத்திலேயே தாங்கள் ஒருவர்தான்.

அதனால் மிச்சத்தையும் தங்களிடமே சொல்கிறேன். என் வகுப்பில் இரண்டு வரிசை முன்னால் ஒரு பெண் உட்காருவாள். அண்ணாவின் வேன் மோதியது அவளுடைய அப்பாவின் சைக்கிளில். அவள் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒருநாள் அவளுடைய அழிப்பான் உருண்டு என் காலடியில் வந்து நின்றது. எடுத்துக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை. அவளும் வந்து எடுக்கவில்லை. மணி அடிக்கும்வரை அது அங்கேயே கிடந்தது. மறுநாள் நான் போகவில்லை.

அவள் என் வகுப்பில் படிப்பது அண்ணாவுக்குத் தெரியாது. தயவுசெய்து இந்தக் கடிதத்தை அவனிடம் கொடுத்துவிடாதீர்கள்.

பணிவுடன்,
தங்கை


மே 9
கடிதப் பிரிவு

அம்மணி,

நலமே. கேட்டதற்கு நன்றி.

தங்கள் விளக்கத்தை இப்பிரிவில் நால்வர் படித்தோம். ஒருவர் புரிந்தது என்றார். சொல்லுங்கள் பார்ப்போம் என்றதும் புரியவில்லை என்றார். சக்தி என்பது பொருளா? அதை எங்கே வைப்பார்கள்? அது தீராது என்றால் ஆட்டம் எப்படித் தீரும்? எழுத்தில் இது தெளியாது. மே 21 வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அந்த அட்டைகளுடன் நேரில் வரவும்.

படிப்பு பற்றிய வரிகளில் இரகசியக் குறிப்பு ஏதும் இல்லை என்று முடிவு செய்துள்ளேன். ஆனால் தங்கள் அண்ணனின் மனுவில் வேறு விதமாக எழுதப்பட்டுள்ளதை, அவருடைய கடிதங்களைப் படிப்பவன் என்ற முறையில் அறிவேன். மனு மே 22 காலையில் கையெழுத்தாகிறது. கையெழுத்துக்கு முன் மனுதாரரே ஒரு வரியை அடித்தால் அது திருத்தம். கையெழுத்துக்குப் பின் மற்றவர் கண்டுபிடித்தால் அது பொய். பொய் மனு கொடுத்தவர் ஒரு வருடம் மறுபடி கேட்க முடியாது. அந்த வரியை அடித்துவிட்டால் மனு வலுவிழக்கும் என்பதும் உண்மை.

கடிதம் அவர் கைக்குப் போய்ச் சேரப் பன்னிரண்டு நாளாகும். பார்வையாளர் படிவம் ஒன்று இணைத்துள்ளேன்.

அலுவலர்


மே 21

அண்ணாவுக்கு,

பார்வையாளர் கூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். உனக்கும் எனக்கும் நடுவில் இரண்டு சுவர்கள்தான் என்றார்கள். எனக்கு முன்னால் நான்கு பேர் இருக்கிறார்கள். எழுதாமல் இருந்தால் எழுந்து ஓடிவிடுவேன் போலிருக்கிறது.

ஐந்து மணிநேரப் பஸ். கிளம்பும்போது அம்மா, "நீ பேசிடுவியாடி?" என்று கேட்டாள். "பேச என்னம்மா இருக்கு, சாய்ச்சு நிமிர்த்தணும், அவ்வளவுதானே" என்றேன்.

முதலில் கடிதப் பிரிவுக்குப் போனேன். கடித அலுவலருக்கு மூக்குக் கண்ணாடியில் ஒரு காது இல்லை, நூல் கட்டியிருக்கிறார். மேஜைமேல் மூன்று அட்டைகளையும் வைத்தேன். சக்திக்கு அவருடைய காகித ஊசிகளை எடுத்துக்கொண்டேன். கிழவனைச் சாய்த்து இரண்டு ஊசி எடுத்தேன். விளக்குக்காரியிடம் ஒன்று வைத்து நிமிர்த்தினேன். மிச்சம் ஒன்றை ஆட்டின்மேல் வைத்தேன். பிறகு மறுபடியும். மறுபடியும். பிரிவில் இருந்த நான்கு பேரும் வந்து சுற்றி நின்றார்கள்.

"இதுல யாரு ஜெயிக்கிறா?" என்றார் ஒருவர்.

"பொறுங்க, ஆடு இன்னும் வளருது" என்றார் இன்னொருவர்.

வாசலில் நின்ற மூத்த காவலர் அட்டையை எட்டிப் பார்த்துவிட்டு, "இந்தக் கிழவனா நான்? எனக்கு இவ்வளவு தாடியா இருக்கு?" என்றார்.

ஊசிகள் தீர்ந்துவிட்டன. அலுவலர் இன்னொரு பெட்டியை உடைத்தார். அதுவும் தீரும்போல இருந்தது. அவர் முகத்தில் வியர்வை. "ஏம்மா, இது எப்பத்தான் நிக்கும்?"

"நான் ஒரு எண் சொன்னா நின்னுடும் சார்."

"அப்ப சொல்லித் தொலையேன்!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நாக்கு ஒட்டிக்கொண்டது. நான் வாயைத் திறந்து மூடினேன், இரண்டு தடவை. பிறகு, "எழுநூறு" என்றேன். எனக்கே அந்தக் குரல் புதிதாக இருந்தது. அவர் அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தார். இரண்டாம் தாளின் மேல் "விளையாட்டு. கோப்பில் சேர்க்க வேண்டியதில்லை" என்று எழுதி முத்திரை போட்டார். போட்டுவிட்டு, "எனக்கு இப்பவும் புரியலம்மா. ஆனா இதுல ஒண்ணும் கடத்த முடியாதுன்னு மட்டும் புரிஞ்சிடுச்சு" என்றார். அந்தத் தாளை என்னிடமே கொடுத்தார். "நான் அனுப்பினா பன்னெண்டு நாள். நீயே போய்க் கொடு."

அது இப்போது என் மடியில் இருக்கிறது. நாளைக் காலையில் நீ கையெழுத்துப் போடுவாய். அதற்குள் நான் படிக்கிறேன் என்ற வரியை மனுவிலிருந்து நீ அடிக்க வேண்டும். அடித்தால் நீ வீட்டுக்கு வருவது தள்ளிப்போகலாம். நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியவில்லை. தாளை நீட்டிவிட்டுப் பேசாமல் நிற்கலாம் என்று பஸ்ஸில் நினைத்தேன். ஆனால் ஏன் விட்டேன் என்பது அந்தத் தாளில் இல்லை. முன் வரிசைப் பெண்ணைப் பற்றி நீ கேள்விப்பட்டால் உனக்கு என்ன ஆகும் என்று பயமாக இருக்கிறது. சொல்லாமல் விட்டால் என் மக்குத்தனத்தால் படிப்பை விட்டேன் என்று நீ நினைத்துக்கொள்வாய். எது சரி என்று இதுவரை பிடிபடவில்லை.

முன்னால் இருந்த நான்கு பேரும் போய்விட்டார்கள். இப்போது என் பெயரைக் கூப்பிடுகிறார்கள்.

இந்தத் தாளை ஒட்டாமல் கடிதப் பெட்டியில் போடுகிறேன். நலம் சொல்லி முடிக்க நேரமில்லை. அந்த இரண்டாம் தாளைப் பைக்குள் வைத்துவிட்டேன். என் வாயாலேயே சொல்ல, வெறுங்கையோடு உள்ளே வருகிறேன்.

மிளகு